விலை பேசிவிட்டு விதையுங்கள்

கேள்வி

நான் தேனிப் பக்கத்துப் பெண். கணவரின் ஊர் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஹியூரான் கவுண்டி. மாமனாருக்கு 600 ஏக்கர் நிலம் இருக்கிறது. மக்காச்சோளம், சோயா, குளிர்காலக் கோதுமை என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். 2018இல் சீனா வரி போட்டபோது சோயா விலை விழுந்ததைத் தாங்கிக்கொண்டோம். 2025இல் பல மாதங்கள் சீனா வாங்கவே இல்லை என்றானதும் மாமனார் மனம் வெறுத்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கறுப்பு பீன்ஸும், நேவி என்கிற சின்ன வெள்ளை பீன்ஸும் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது மாமனாரின் அப்பா காலத்தோடு நின்றுபோனது. இப்போது, "சோயாவை அடியோடு விட்டுவிட்டு பீன்ஸுக்குப் போவோம்" என்கிறார். எனக்குச் சில சந்தேகங்கள்:

1. சோயாவை விட பீன்ஸில் உண்மையிலேயே லாபம் கூடுதலா?
2. இரண்டும் பயறுக் குடும்பம்தானே, சோயாவுக்குச் செய்வதையே செய்தால் போதாதா?
3. ஊரில் உளுந்துக்குச் செய்வதுபோல விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாமா?
4. அறுவடைக்குப் புதிய இயந்திரம் வாங்க வேண்டுமா?
5. யாரிடம், எப்படி விற்பது? இங்குள்ள இந்தியக் கடைகளுக்கு ராஜ்மா பயிரிட்டு நேரடியாகக் கொடுக்க முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மிச்சிகன்

பதில்

பயறு வகைகளோடே காலம் கழித்தவன் என்ற முறையில் உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சி தந்தது. நீங்கள் வாழும் இடம் பீன்ஸுக்கென்றே அமைந்த பூமி. அமெரிக்காவில் உலர் பீன்ஸ் விளைச்சலில் வடக்கு டகோட்டா முதலிடம், மிச்சிகன் அதற்கு அடுத்தது. கறுப்பு பீன்ஸில் மிச்சிகன்தான் முன்னணி. அந்த மாநிலத்துக்குள் சாகினா பள்ளத்தாக்கும், நீங்கள் இருக்கும் 'தம்ப்' வட்டாரமும்தான் பீன்ஸின் தாய்நிலம். ஏரி பின்வாங்கி விட்டுச்சென்ற சமதள மண், ஹியூரான் ஏரியால் மிதப்படும் கோடை வெப்பம், நிலத்தடி வடிகால் குழாய் பதித்த வயல்கள், பக்கத்திலேயே வாங்கிச் சுத்தம் செய்யும் நிலையங்கள் என எல்லாம் உங்களுக்கு வாய்த்திருக்கின்றன. ஆகவே "போடலாமா" என்று கேட்டால், தாராளமாகப் போடலாம். "சோயாவை அடியோடு விட்டுவிடலாமா" என்று கேட்டால், வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. லாபக் கணக்கு

முதலில் இரண்டு சந்தைகளின் அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் சோயா 8 கோடி ஏக்கருக்கும் மேல். உலர் பீன்ஸ் எல்லா வகையும் சேர்த்து, ஆண்டைப் பொறுத்து, 12 முதல் 17 லட்சம் ஏக்கர்தான். சோயா நிலத்தில் நூற்றில் ஒரு பங்கு பீன்ஸுக்கு மாறினால்கூட 8 லட்சம் ஏக்கர் கூடுதலாக வந்துவிடும். அத்தனை பீன்ஸை வாங்கிச் சாப்பிட ஆள் இல்லை. அந்த ஆண்டே விலை தரைக்கு வந்துவிடும். சோயா விலை விழும்போது உங்கள் மாமனாருக்குத் தோன்றுவதுதான் மற்றவர்களுக்கும் தோன்றும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது ஏக்கர் கணக்கு. கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ரசீதுகளில் உள்ள எண்களை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

சோயா ஏக்கருக்கு 50 புஷல், புஷல் 10 டாலர் என்றால் வரவு 500 டாலர். பீன்ஸ் வியாபாரத்தில் 100 பவுண்டை ஒரு மூட்டை என்பார்கள். ஏக்கருக்கு 22 மூட்டை, மூட்டை 34 டாலர் என்றால் வரவு 748 டாலர். பார்த்ததும் 248 டாலர் கூடுதல் என்று தெரியும். ஆனால் விதை விலை, தழைச்சத்து உரம், கூடுதல் களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, மெதுவாக நடக்கும் அறுவடை எல்லாம் சேர்ந்து சோயாவை விட 140 டாலர் அதிகம் செலவாகிறது என்று வையுங்கள். மிச்சம் 108 டாலர்தான்.

இந்த 108 எப்போது பறிபோகும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விளைச்சல் அதே 22 மூட்டையாக இருந்து, விலை 29 டாலருக்கு இறங்கினால் சோயாவும் பீன்ஸும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். விலை அதே 34 ஆக இருந்து, விளைச்சல் 19 மூட்டைக்குக் குறைந்தாலும் அதே கதை. ஒரு ஈரமான ஜூலை, ஒரு மழை பிடித்த செப்டம்பர் போதும், மூன்று மூட்டை குறைய. அதனால் உங்கள் வீட்டில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து இந்த இரண்டு எல்லைகளையும் எழுதி வையுங்கள்: எந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டம், எந்த விளைச்சலுக்குக் கீழே போனால் நஷ்டம். ஒப்பந்தம் பேசும் மேசையில் இந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

இன்னொரு நன்மை இந்தக் கணக்கில் தெரியாது. பீன்ஸ் ஜூன் முதல் வாரத்தில் விதைத்தால் செப்டம்பரில் அறுவடைக்கு வந்துவிடும். கோதுமையைப் பட்டம் தவறாமல் விதைக்க அவகாசம் கிடைக்கும். சோயா தாமதமாகும் ஆண்டுகளில் கோதுமைப் பட்டம் தவறுவது உங்கள் மாமனாருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

2. பயறுக் குடும்பம்தான், ஆனால் குணம் வேறு

இந்தக் கேள்வியில்தான் பல சோயா விவசாயிகள் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தழைச்சத்து: சோயா தன் வேர் முடிச்சுகளால் தனக்குத் தேவையானதில் பெரும்பங்கைத் தானே தேடிக்கொள்ளும். பீன்ஸ் அந்த வேலையில் சோம்பேறி. சோயாவுக்குக் கலக்கும் நுண்ணுயிரி பீன்ஸ் வேரில் வேலை செய்யாது, பீன்ஸுக்கான ரைசோபியம் வேறு இனம். மிச்சிகனில் ஏக்கருக்கு 40 முதல் 60 பவுண்டு தழைச்சத்து கொடுப்பதே வழக்கம். முந்தைய பயிர், தொழு உரம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அளவு மீறினால் செடி கொடிபோல் மண்டி, வெண்பூஞ்சை நோயை அழைத்துவிடும். தம்ப் வட்டார மண்ணில் காரத்தன்மை கூடுதல் என்பதால் துத்தநாகப் பற்றாக்குறை வரும். மண் பரிசோதனையில் துத்தநாகத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

தண்ணீர்: பீன்ஸ் வேர் தண்ணீர் தேங்கினால் தாங்காது. ஒரு நாள் நின்றாலே வேரழுகல் தொடங்கிவிடும். வடிகால் சரியில்லாத வயலில் சோயா ஓரளவு தப்பிக்கும், பீன்ஸ் தப்பிக்காது. வடிகால் நன்றாக இருக்கும் வயலையே பீன்ஸுக்கு ஒதுக்குங்கள். மண் குளிர்ந்திருக்கும்போதும் அவசரப்பட்டு விதைக்காதீர்கள். மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை பட்டம்.

களை: சந்தைக்கு வரும் உலர் பீன்ஸில் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற ரகம் கிடையாது. சோயாவில் களை முளைத்த பிறகு கிளைபோசேட் அடித்துத் தப்பிப்பது இங்கே நடக்காது. விதைக்கும் முன்னும் முளைக்கும் முன்னும் அடிக்கும் மருந்துகளை நம்பித்தான் பயிர் நிற்கும். களை மண்டும் வயல் எது என்று மாமனாருக்குத் தெரியும். அது பீன்ஸுக்கு வேண்டாம். குறிப்பாக, மணத்தக்காளிக்கு உறவான ஒரு களை அங்கே உண்டு. அதன் பழம் அறுவடையில் நசுங்கினால் சாறு ஒட்டி, மண்ணும் தூசும் சேர்ந்து பீன்ஸ் கறையாகிவிடும். வெள்ளை நேவி பீன்ஸில் அந்தக் கறை ஒன்றே விலையைத் தின்றுவிடும்.

போன ஆண்டு மருந்து: இதைத் தயவுசெய்து கவனியுங்கள். மக்காச்சோளத்துக்கு மீசோட்ரையோன் கலந்த களைக்கொல்லி அடித்திருந்தால், அதே வயலில் 18 மாதத்துக்கு பீன்ஸ் போடக்கூடாது. போன ஜூனில் அடித்து, இந்த ஜூனில் விதைத்தால் இடைவெளி 12 மாதம்தான். முளைத்து வரும் நாற்று வெளுத்துக் கருகும். க்ளோபிராலிட் என்ற மருந்தின் மிச்சமும் பீன்ஸுக்கு ஆகாது. எனவே எந்த வயல் பீன்ஸுக்கு என்பதை இந்த ஆண்டு முடிவு செய்ய முடியாமல் போகலாம். போன ஆண்டு தெளிப்பான் ஓட்டியவரின் பதிவேடுதான் முடிவு செய்யும். பதிவேடு எடுத்துப் பாருங்கள். பதிவேடு இல்லையென்றால், அடுத்த ஆண்டு பீன்ஸுக்கு என்று குறித்த வயலில் இந்த ஆண்டு மக்காச்சோளத்துக்கு அந்த மருந்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பக்கத்து வயலில் டைகாம்பா தாங்கும் சோயா இருந்தால் காற்றில் வரும் துளியே உங்கள் பீன்ஸைச் சுருட்டிவிடும். அக்கம்பக்கத்தாரிடம் விதைப்பதற்கு முன்பே பேசி, எந்த வயல் என்று சொல்லி வையுங்கள். உங்கள் சொந்தத் தெளிப்பான் தொட்டியையும் முழுவதுமாகக் கழுவிவிட்டுத்தான் பீன்ஸுக்குள் இறக்க வேண்டும்.

நோயும் நூற்புழுவும்: பீன்ஸ் போட்டால் நிலத்துக்கு ஓய்வு என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் சோயாவைத் தாக்கும் வெண்பூஞ்சை பீன்ஸையும் தாக்கும். அதன் கறுப்புக் கட்டிகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு இருக்கும். சோயாவின் முட்டைக்கூடு நூற்புழுவும் பீன்ஸ் வேரில் பெருகும். நீலகிரியில் உருளைக்கிழங்குக்கு நூற்புழு என்ன செய்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே வகைப் பிரச்சினைதான். எனவே பீன்ஸ் சோயாவுக்கு மாற்றாக அதே இடத்தில் வரலாம். சோயாவுக்கு அடுத்த ஆண்டு பீன்ஸ், பீன்ஸுக்கு அடுத்த ஆண்டு சோயா என்று வரவே கூடாது. நடுவில் மக்காச்சோளமும் கோதுமையும் இரண்டு மூன்று ஆண்டு கட்டாயம் வர வேண்டும். உங்கள் 600 ஏக்கரில் மூன்று பயிர்ச் சுழற்சி ஏற்கெனவே இருப்பது பெரிய வசதி. சோயாவும் மக்காச்சோளமும் மட்டும் போடும் பண்ணை என்றால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பூச்சிகளில் தத்துப்பூச்சியைக் கவனியுங்கள். இலை ஓரம் மஞ்சளாகிக் கருகும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஜூலையில் வாரம் ஒருமுறை வயலுக்குள் நடந்து இலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

3. விதை

உளுந்து விதையை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பது நம் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் மிச்சிகன் பீன்ஸில் அதைச் செய்யாதீர்கள். பாக்டீரியா கருகல் நோயும் ஆந்த்ராக்னோஸ் நோயும் விதை வழியாகவே பரவுபவை. உங்கள் ஊரில் கோடை மழை பெய்யும், இலை நனையும், நோய் விதைக்குள் இறங்கிவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அமெரிக்காவில் பீன்ஸ் விதை உற்பத்தி பெரும்பாலும் ஐடஹோ போன்ற மேற்கு மாநிலங்களில், மழை குறைந்த பாசன நிலங்களில் நடக்கிறது. அங்கிருந்து வரும் சான்று பெற்ற விதையை வாங்குங்கள். தவிர, பல ரகங்களுக்குச் சட்டப்படி பயிர் ரகப் பாதுகாப்பு உண்டு.

ரகத் தேர்வைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும், இது உங்கள் மாநிலம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஒரு காலத்தில் நேவி பீன்ஸ் தரையில் படரும் கொடி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிச்செலைட் என்ற ரகத்தின் விதையை எக்ஸ் கதிருக்கு உட்படுத்தி, அதில் தோன்றிய புதர் வடிவச் செடியிலிருந்து சானிலாக் என்ற ரகத்தை உருவாக்கி 1956இல் வெளியிட்டார்கள். சானிலாக் உங்கள் பக்கத்துக் கவுண்டியின் பெயர். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உழைத்து, நிமிர்ந்து நிற்கும், காய் தரையைத் தொடாத ரகங்களைக் கொண்டுவந்தார்கள். 2008இல் ஜோரோ, 2014இல் ஜெனித் என்ற கறுப்பு ரகங்கள் அந்த வரிசையில் வந்தவை. ஜெனித் ஆந்த்ராக்னோஸ் நோயையும் எதிர்க்கும். மாமனாரின் அப்பா காலத்தில் பீன்ஸ் பயிரிட முதுகு ஒடிந்ததற்கும், இன்று சோயா இயந்திரத்தாலேயே அறுக்க முடிவதற்கும் நடுவில் இந்த விஞ்ஞானிகளின் உழைப்பு இருக்கிறது.

எந்த ரகம் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வாங்குபவரைக் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள். கறுப்பு பீன்ஸை டப்பாவில் அடைத்து வேகவைக்கும்போது சில ரகங்கள் நிறம் வெளுத்துப் போகும். ஆலைக்காரருக்கு நிறம் நிற்கும் ரகம்தான் வேண்டும். வயலில் அதிகம் விளையும் ரகமும் ஆலை விரும்பும் ரகமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

4. அறுவடை

முதல் ஆண்டே புதிய இயந்திரம் வாங்க வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் கறுப்பு அல்லது நேவி ரகத்தைத் தேர்ந்தெடுத்தால், சோயாவுக்கு வைத்திருக்கும் நெகிழ்முனை வெட்டுப்பகுதி கொண்ட கம்பைனே போதும். ராஜ்மா போன்ற பெரிய விதை ரகங்களுக்கு இன்றும் பெரும்பாலும் வேரோடு அறுத்து, வரிசையாகக் குவித்து, காய்ந்தபின் எடுக்கும் பழைய முறைதான். அதற்குத் தனிக் கருவிகள் தேவை. அதனால் முதல் பாடத்தை ராஜ்மாவில் தொடங்காதீர்கள்.

ஆனால் அதே கம்பைனை வேறு கையோடு ஓட்ட வேண்டும். சோயா நசுக்கப்பட்டு எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் போகிறது. விதை உடைந்தால் பெரிதாக யாரும் கேட்பதில்லை. பீன்ஸ் முழு விதையாகத் தட்டுக்குப் போகிறது. சோயா எடைக்கு விலை போகும், பீன்ஸ் முகத்துக்கு விலை போகும். உடைந்தது, தோல் வெடித்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் கொள்முதல் நிலையத்தில் மாதிரி எடுத்து எண்ணி, உங்கள் எடையில் கழிப்பார்கள். பீன்ஸ் விவசாயிக்குக் கிடைக்கும் காசு பாதி வயலிலும் பாதி அறுவடை நாளின் பக்குவத்திலும் இருக்கிறது.

ஈரப்பதம் 16 முதல் 18 சதவீதம் இருக்கும்போது அறுங்கள். 14க்குக் கீழே போனால் தோல் கண்ணாடிபோல் வெடிக்கும். வெயில் ஏறிய பிற்பகலில் விதை மிகவும் காய்ந்திருந்தால் நிறுத்திவிட்டு, பனி ஈரம் இருக்கும் காலையிலோ மாலையிலோ எடுங்கள். அடிக்கும் உருளையின் வேகத்தைக் குறையுங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். விதைத்தவுடன் நிலத்தில் உருளை ஓட்டிக் கட்டிகளையும் கற்களையும் அமுக்கிவிட்டால், அறுவடையில் தரையோடு ஒட்டி வெட்ட முடியும். தானியத்தை ஏற்றி இறக்கச் சுழல் திருகுக் குழாய்க்குப் பதிலாகப் பட்டைக் கன்வேயர் பயன்படுத்துங்கள். உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். சூடான காற்றில் வேகமாக உலர்த்தவும் கூடாது.

பீன்ஸ் அறுக்கும் முன் கம்பைன், டிரக், சேமிப்புக் கலன் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். சோயா அமெரிக்க உணவுச் சட்டத்தில் ஒவ்வாமை தரும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பீன்ஸ் லோடில் சோயா விதை கலந்திருந்தால் அதை வாங்க மறுக்கலாம். மனிதர் சாப்பிடும் பொருளை அனுப்புகிறோம் என்ற எண்ணம் செப்டம்பர் முழுவதும் வீட்டில் எல்லாருக்கும் இருக்க வேண்டும்.

செடியைக் காயவைக்க அறுவடைக்கு முன் மருந்து அடிக்க நினைத்தால், முதலில் வாங்குபவரிடம் கேளுங்கள். கிளைபோசேட் அடித்த பீன்ஸை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கென்றால் எஞ்சிய நஞ்சின் வரம்பு நாட்டுக்கு நாடு மாறும்.

5. விற்பனை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சோயாவுக்குச் சிகாகோவில் முன்பேரச் சந்தை இருக்கிறது. மாமனார் காலையில் போனை எடுத்தால் அன்றைய விலை தெரியும், அடுத்த நவம்பர் விலைக்கு இப்போதே பூட்டுப் போடலாம், எந்தத் தானியக் கொள்முதல் கிடங்கிலும் கொண்டுபோய்க் கொட்டலாம். உலர் பீன்ஸுக்கு முன்பேரச் சந்தையே இல்லை. விலை என்பது சில வியாபாரிகளின் மேசையில் பேசப்படுவது. வாங்குகிறேன் என்று யாரும் சொல்லாத பீன்ஸை வயலில் வைத்துக்கொண்டு செப்டம்பரில் ஆள் தேடினால், கொடுத்த விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். அதனால் விதை வாங்கும் முன் ஒப்பந்தம் வாங்குங்கள்.

ஒப்பந்தம் இரண்டு வகை. ஒன்று ஏக்கர் ஒப்பந்தம்: இத்தனை ஏக்கரில் விளைவதையெல்லாம் இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பது. இன்னொன்று எடை ஒப்பந்தம்: இத்தனை மூட்டை தரவேண்டும் என்பது. புதிதாகத் தொடங்குபவருக்கு ஏக்கர் ஒப்பந்தமே நல்லது. எடை ஒப்பந்தத்தில் விளைச்சல் குறைந்தால், வெளியே வாங்கியாவது கொடுக்க வேண்டிய நிலை வரலாம். எதில் கையெழுத்துப் போட்டாலும் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஆலங்கட்டியோ வெள்ளமோ வந்தால் பொறுப்பு யாருக்கு? உடைசலும் கறையும் எப்படிக் கழிக்கப்படும்? சேமிப்புக் கட்டணம் எந்த நாளிலிருந்து? பணம் எத்தனை நாளில்?

முழு விளைச்சலையும் ஒப்பந்தத்தில் அடைக்க வேண்டாம். பாதிக்கு மேல் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், மீதியைச் சந்தை பார்த்து விற்கலாம். ஆனால் சோயாவைப்போல் பல ஆண்டு பூட்டி வைக்கும் சரக்கு இது அல்ல. வைக்க வைக்க நிறம் மங்கும், வேகும் நேரம் கூடும். அடுத்த அறுவடை வந்துவிட்டால் பழைய சரக்குக்கு மரியாதை குறையும்.

உங்கள் பீன்ஸ் எங்கே போகிறது என்று தெரிந்துவைத்திருப்பதும் விற்பனையின் ஒரு பகுதி. வட அமெரிக்க நேவி பீன்ஸ் பெருமளவு இங்கிலாந்துக்குப் போய், தக்காளிச் சாற்றில் வெந்து, அவர்களின் காலை உணவுத் தட்டில் ரொட்டிமேல் ஊற்றப்படுகிறது. கறுப்பு பீன்ஸுக்கு உள்நாட்டு டப்பா ஆலைகளும் மெக்சிகோவும் பெரிய இடங்கள். 2008 ஜனவரியிலிருந்து மெக்சிகோ அமெரிக்க பீன்ஸுக்கு வரியின்றிக் கதவு திறந்தது. ஆனால் மெக்சிகோவும் பீன்ஸ் விளைவிக்கும் நாடு. அங்கே சகடேகஸ் மாநிலத்தில் மழை நன்றாகப் பெய்தால் வாங்குவது குறையும், மழை பொய்த்தால் கூடும். வரிச் சண்டையிலிருந்து தப்பித்துவிட்டோம் என்றும் நினைக்க முடியாது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்கப் பொருள்களுக்குப் பதிலடியாக 25 சதவீத வரி போட்ட பட்டியலில் உலர் பீன்ஸும் இருந்தது. சோயாவுக்குச் சீனா என்ற ஒரே பெரிய வாசல் அடைபட்டது. பீன்ஸுக்கு வாசல்கள் பல, ஆனால் எல்லாம் சின்ன வாசல்கள். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

அரசு உதவியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சோயா, மக்காச்சோளம், கோதுமைக்குக் கிடைக்கும் விலை ஆதரவுத் திட்டத்தில் உலர் பீன்ஸ் இல்லை. அந்தத் திட்டத்தில் அது காய்கறிக் கணக்கில் வருகிறது. அடிப்படை ஏக்கரில் 15 சதவீதத்துக்கு மேல் காய்கறி போட்டால் உங்களுக்கு வரவேண்டிய தொகை குறையக்கூடும். எவ்வளவு என்று உங்கள் கவுண்டி வேளாண் சேவை அலுவலகத்தில் விதைக்கும் முன் கேட்டுவிடுங்கள். பயிர்க் காப்பீடு பீன்ஸுக்கு உண்டு, வகை வாரியாக. மார்ச் 15க்குள் ஏஜெண்டிடம் முடிக்க வேண்டும்.

இந்தியக் கடைக்கு ராஜ்மா: ஆசை நல்ல ஆசைதான். நம் வீடுகளில் ராஜ்மா விலை போகும் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் கடைக்காரர் உங்களிடம் டிரக் லோடு கேட்க மாட்டார். சுத்தம் செய்து, நிறம் பிரித்து, இரண்டு பவுண்டு, நான்கு பவுண்டு பொட்டலத்தில், முத்திரை ஒட்டி, ஆண்டு முழுவதும் தடையின்றிக் கேட்பார். அது விவசாயம் அல்ல, இன்னொரு தொழில். முதல் இரண்டு ஆண்டு பயிரைக் கற்றுக்கொண்டபின், சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றில் கூலி கொடுத்துச் சில ஆயிரம் பவுண்டை மட்டும் பொட்டலம் போட்டு இரண்டு மூன்று கடைகளில் வைத்துப் பாருங்கள். மாநில வேளாண்மைத் துறையின் உணவு உரிமம் எது தேவை என்று முன்பே கேளுங்கள். பொட்டலத்தில் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிநிலையில் நன்றாக வேகவைக்க வேண்டும். பச்சை ராஜ்மாவில் உள்ள ஒரு புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும். மெதுவாகச் சூடேறும் மின்பாத்திரத்தில் ஊறிய ராஜ்மாவை அப்படியே போட்டால் அது அழியாது. பிரஷர் குக்கர் வைத்திருக்கும் நம் வீடுகளில் பயமில்லை. புதிதாகச் சமைப்பவர்களுக்குத்தான் இது தெரிய வேண்டும்.

என் யோசனை

உங்கள் சோயா நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை, சுமார் 40 ஏக்கரை, கறுப்பு பீன்ஸுக்கு விடுங்கள். மீதி சோயா இருக்கட்டும். அதிலும் மரபணு மாற்றாத, உணவுத்தரச் சோயாவுக்கு ஒப்பந்தம் கிடைத்தால் ஒரு பகுதியை அதற்குக் கொடுக்கலாம். மிச்சிகனிலிருந்து ஜப்பானுக்கு டோஃபு செய்ய அந்தச் சோயா போகிறது. தனித்தனியாகச் சேமிப்பது, இயந்திரத்தைச் சுத்தமாக வைப்பது, பதிவேடு எழுதுவது என்ற பழக்கம் அதிலேயே வந்துவிடும்.

இந்தக் குளிர்காலத்தில் செய்ய வேண்டியவை இவை. தெளிப்பு மருந்துப் பதிவேட்டை எடுத்து எந்த வயலில் பீன்ஸ் போட முடியும் என்று குறியுங்கள். அந்த வயல்களில் நூற்புழுப் பரிசோதனை செய்யுங்கள். பிராங்கன்முத் அருகே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாகினா பள்ளத்தாக்கு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே பீன்ஸ் ரகச் சோதனைகள் நடக்கின்றன, அதன் முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். குறைந்தது மூன்று கொள்முதல் நிலையங்களுக்குப் போய், எந்த வகை, எந்த ரகம், என்ன விலை, என்ன கழிவு என்று எழுதி வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் பீன்ஸ் போடுபவர்களிடம் அந்த நிலையங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று விசாரியுங்கள். பிறகு, நான் மேலே சொன்ன இரண்டு எல்லைகளை வைத்து முடிவு செய்யுங்கள். ஒப்பந்த விலை உங்கள் நஷ்ட எல்லைக்கு மேலே நன்றாக இருந்தால் விதைக்கு ஆர்டர் கொடுங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டு விட்டுவிடுங்கள், நிலம் எங்கும் போய்விடாது.

சோயாமேல் வந்த கோபத்தில் பீன்ஸுக்குப் போகாதீர்கள் என்பதே நான் மாமனாருக்குச் சொல்ல விரும்புவது. அவருடைய தந்தை அந்த மண்ணில் பீன்ஸ் விளைவித்தவர், அந்த மண் அதை மறுபடி ஏற்கும். யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள், எப்படி இருந்தால் நல்ல விலை தருவார்கள் என்று தெரிந்து விதைக்கும் விவசாயிக்கு 40 ஏக்கர் பீன்ஸ் நல்ல பலம். இரண்டு மூன்று பட்டம் கணக்கு எழுதிப் பாருங்கள். எண்கள் சரியாக வந்தால் 60, 80 ஏக்கர் என்று நிதானமாகக் கூட்டுங்கள். அப்போதும் சுழற்சியைக் கலைக்காதீர்கள். முதல் அறுவடை முடிந்ததும் கழிவுச் சீட்டோடு எழுதுங்கள். எங்கே காசு போயிற்று என்று சேர்ந்து பார்ப்போம்.